செக் – ஒரு சொல்லின் நீண்ட பயணம்

வணிகப் பெருமக்கள் ஒரு நாளில் எத்தனை முறை 'செக்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். காலையில் சரக்கு வந்து இறங்கியதும், "பில்லை வைத்து மூட்டையைச் செக் பண்ணுப்பா" என்று கடைப் பையனிடம் சொல்கிறோம். வசூலுக்கு வந்தவரிடம், "ரொக்கம் இல்லை, செக் தரட்டுமா?" என்று கேட்கிறோம். ஜவுளிக் கடையில் நிற்கும் வாடிக்கையாளர், "கோடு வேண்டாம், செக் டிசைன் காட்டுங்கள்" என்கிறார். லாரி ஏன் தாமதம் என்று விசாரித்தால், "வழியில் செக்போஸ்ட்டில் நிற்கிறது" என்று பதில் வருகிறது. இரவு வீட்டுக்குப் போனால், பிள்ளைகள் சதுரங்கப் பலகையை வைத்துக் கொண்டு, "ராஜாவுக்குச் செக்!" என்று கூவுகிறார்கள்.

சோதிப்பது, பணம் தருவது, கட்டம் போட்ட துணி, சாலைச் சாவடி, விளையாட்டில் மிரட்டல் ஆகிய ஐந்துக்கும் ஒரே சொல். இவை தற்செயலாக ஒரே ஒலியில் அமைந்துவிட்ட வெவ்வேறு சொற்கள் அல்ல. ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எண்ணெய் ஆட்டும் நம் செக்கு மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது நமக்கே உரிய தமிழ்ச் சொல்.

இந்தச் சொல்லின் வரலாற்றைத் தெரிந்து கொள்வதால் வியாபாரிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. வங்கிச் செக் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், அதில் நாம் அன்றாடம் அலட்சியம் செய்யும் ஒரு பகுதியின் மதிப்பு விளங்கும். அதை இக்கட்டுரையின் பின்பகுதியில் காண்போம்.

அரசனைக் குறித்த சொல்

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிய விளையாட்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பதால் அதற்குச் சதுரங்கம் என்று பெயர். அது இங்கிருந்து பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அங்கிருந்து அரபு நாடுகளுக்குச் சென்று 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. பின்னர் அரபு மக்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது.

பாரசீக மொழியில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். ஆட்டத்தில் எதிரியின் அரசனைத் தாக்கும் நிலை வந்தால், 'ஷா!' என்று எச்சரிக்க வேண்டும். "உன் ராஜாவைப் பார்த்துக் கொள்" என்பது அதன் பொருள். இந்த 'ஷா'தான் பழைய பிரெஞ்சு மொழியில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையே 'செஸ்' என்ற ஆட்டப் பெயராயிற்று. ஆட்டம் முடியும்போது சொல்லும் 'செக்மேட்' என்பது 'ஷா மாத்' என்பதன் திரிபு. அரசன் வழியற்றுப் போனான் என்பது அதன் கருத்து.

அரசனுக்குச் செக் வைத்தவுடன் எதிரியின் திட்டமெல்லாம் நின்று போகிறது. முதலில் அரசனைக் காக்க வேண்டும், பிறகுதான் மற்ற ஆட்டம். ஆகவே 'செக்' என்றால் திடீரெனத் தடுத்து நிறுத்துவது என்ற பொருள் வந்தது. தடுப்பது என்பதிலிருந்து கட்டுப்படுத்துவது என்ற பொருளும், தவறு நேராமல் கட்டுப்படுத்துவது என்பதிலிருந்து சரிபார்ப்பது என்ற பொருளும் படிப்படியாக வந்தன. மூட்டையைச் செக் பண்ணும் கடைப் பையன், தன்னை அறியாமலே பாரசீக அரசனின் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறான்.

கட்டம் போட்ட கணக்கு மேசை

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே' என்று பெயர். அதிலிருந்து வந்ததே 'எக்ஸ்செக்கர்' என்ற ஆங்கிலச் சொல். இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்துக்கு அதுவே பெயர். அந்நாட்டின் நிதி அமைச்சரை இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றே அழைக்கிறார்கள். விளையாட்டுப் பலகைக்கும் அரசு கஜானாவுக்கும் என்ன தொடர்பு?

இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டில் மாவட்ட வரியை வசூலித்த 'ஷெரீப்' என்ற அதிகாரிகள், ஆண்டுக்கு இரு முறை கருவூலத்துக்கு வந்து கணக்குக் காட்ட வேண்டும். அங்கே சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு பெரிய மேசை இருந்தது. மேலே வைத்தது கீழே விழாதபடி அதன் விளிம்பு நான்கு விரற்கடை உயர்த்தப்பட்டிருந்தது. அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணியை விரிப்பார்கள். பென்னி, ஷில்லிங், பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனிப் பத்தி. அதில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் கூட்டல் கழித்தல் செய்வார்கள்.

இப்படி ஏன் செய்தார்கள் என்றால், அன்று ஐரோப்பாவில் வழங்கியவை ரோமானிய எண்கள். அவற்றைத் தாளில் எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும் தொல்லை. பூஜ்யத்தோடு கூடிய நம் நாட்டு எண்முறை அப்போது அங்கு நன்றாகப் பரவவில்லை. மேசையின் ஒரு பக்கம் கருவூல அதிகாரி, இன்னொரு பக்கம் வரி கட்ட வந்த ஷெரீப், நடுவே கட்டம் போட்ட துணி. பார்ப்பதற்குச் சதுரங்க ஆட்டம் போலவே இருந்ததால் அந்த இடத்துக்கே அப்பெயர் வந்தது. இவ்விவரங்களை எல்லாம் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி, 1170-களில் கேள்வி பதில் வடிவில் எழுதிய நூலில் விளக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாகப் பிளந்த குச்சி

பணம் கட்டியவருக்கு ரசீது வேண்டுமல்லவா? அந்தக் கருவூலம் தந்த ரசீது தாள் அல்ல, மரக்குச்சி. கட்டிய தொகைக்கு ஏற்ப அக்குச்சியில் வெட்டுக் குறிகள் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம், இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு அக்குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பணம் கட்டியவருக்கு, மறுபாதி கருவூலத்துக்கு.

கணக்கில் சந்தேகம் வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டுக் குறிகளும் மரத்தின் ரேகைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருவர் தம்மிடம் உள்ள பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டாலும் மறுபாதி காட்டிக் கொடுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சரிபார்க்கக் கூடிய, பொய் சொல்ல இடமில்லாத ரசீது அது.

கட்டியவர் வைத்திருந்த பாதிக்கு 'ஸ்டாக்' என்றும், கருவூலம் வைத்திருந்த பாதிக்கு 'ஃபாயில்' என்றும் பெயர். இம்முறை இங்கிலாந்தில் 1826-ஆம் ஆண்டு வரை நீடித்தது. பின்னர் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அந்த நெருப்பு பரவிப் பாராளுமன்ற மாளிகையே பெரும்பகுதி எரிந்து போனது. பழைய கணக்கை அழிக்கப் போய்க் கட்டடத்தை இழந்த கதை இது.

அடிக்கட்டைதான் முதல் 'செக்'

இப்போது நம் வங்கிச் செக்குக்கு வருவோம். லண்டனில் 17-ஆம் நூற்றாண்டில் பணத்தைப் பாதுகாப்பாக வைக்க விரும்பியவர்கள் பொற்கொல்லர்களிடமும் பத்திரம் எழுதும் தொழில் செய்தவர்களிடமும் கொடுத்து வைத்தார்கள். தேவைப்படும்போது, "இன்னாருக்கு இத்தனை பவுன் கொடுக்கவும்" என்று கடிதம் எழுதி அனுப்பினார்கள். கிளேட்டன் அண்ட் மாரிஸ் என்ற நிறுவனத்தின் பேரில் 400 பவுனுக்கு எழுதப்பட்ட 1659-ஆம் ஆண்டுக் கடிதம், இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய செக்குகளில் ஒன்று. ஆனால் அக்காலத்தில் அதைச் செக் என்று யாரும் அழைக்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்று அழைக்கப்பட்டது எது தெரியுமா? பணம் தரச் சொல்லும் தாள் அல்ல. அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டை! யாராவது தொகையைத் திருத்தினாலோ போலி தயாரித்தாலோ கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான். சரிபார்க்க உதவுவதால் அதற்குச் 'செக்' என்று பெயர். மரக்குச்சியின் மறுபாதி செய்த வேலையை இங்கே தாளின் மறுபாதி செய்தது. அடிக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'கவுண்டர்ஃபாயில்' என்று பெயர் இருப்பதும் இதனால்தான். காலப்போக்கில், இப்படி அடிக்கட்டையோடு வரும் தாளுக்கே அப்பெயர் தாவிவிட்டது. அடிக்கட்டை பெயரை இழந்து நின்றது.

எழுத்திலும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. தொடக்கத்தில் எல்லாச் செக்கும் 'சி-எச்-இ-சி-கே' என்றே எழுதப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் வங்கிச் செக்கை அப்படித்தான் எழுதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், சரிபார்ப்பதோடு குழம்பாமல் இருக்கவும், 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லோடு ஒத்திருக்கவும், 'சி-எச்-இ-க்யூ-யூ-இ' என்ற எழுத்து நிலைபெற்றது. நாம் பின்பற்றுவது இந்த இங்கிலாந்து வழக்கத்தை.

அரபு நாட்டு 'ஸக்'கும் நம் உண்டியலும்

செக் என்ற சொல் அரபு மொழியின் 'ஸக்' என்பதிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஸக் என்பது பணம் தருவதாக எழுதும் ஆவணம். 10-ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்ற பயணி, சகாரா பாலைவனத்தின் தென்கோடியில் 42,000 தினாருக்கு எழுதப்பட்ட அத்தகைய ஆவணம் ஒன்றைக் கண்டதாகக் குறித்திருக்கிறார். ஆகவே இந்த வழக்கம் ஐரோப்பாவுக்கு முன்பே அரபு வணிகரிடம் இருந்தது உறுதி. ஆனால் சொல்லின் வழி வேறு. ஆங்கில அகராதிகள் வங்கிச் செக்கையும் சதுரங்கத்துச் செக்கையும் ஒரே சொல்லாகவே காட்டுகின்றன.

நம் நாட்டு வணிகரிடமும் இதே கருவி இருந்தது. வடக்கே 'ஹுண்டி', தமிழில் உண்டியல். கண்டவுடன் பணம் தரவேண்டியது ஒருவகை, தவணை முடிந்து தரவேண்டியது இன்னொரு வகை. நகரத்தார் பெருமக்கள் பர்மா, மலேயா, இலங்கை வரை உண்டியல் மூலமே பெருந்தொகைகளை மாற்றினார்கள். இன்று உண்டியல் என்றால் கோயில் காணிக்கைப் பெட்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. சொற்கள் பொருள் மாறுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்கூட, நம் மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய ஆவணங்களுக்கு உள்ளூர் வழக்கமே செல்லும் என்று தன் முதல் பிரிவிலேயே இடம் விட்டு வைத்திருக்கிறது.

'காசோலை' என்ற நம் சொல்லும் பொருத்தமானது. காசுக்கான ஓலை. ஓலையை விட்டுத் தாளுக்கு வந்து பல காலம் ஆகியும், அந்தப் பழைய ஓலை இந்தச் சொல்லில் வாழ்கிறது.

துணியிலும் ஆற்றிலும்

சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல நெய்த துணிக்கும் செக் என்ற பெயர் வந்தது. இதில் நம் ஊரின் பெயரும் உலகச் சந்தையில் சேர்ந்துகொண்டது. சாயமேற்றிய நூலைப் பாவிலும் ஊடையிலும் கொடுத்து நெய்த 'மெட்ராஸ் செக்' துணியை இன்றும் மேல்நாட்டுக் கடைகளில் 'மெட்ராஸ்' என்றே விற்கிறார்கள். பழவேற்காட்டிலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகள் கப்பலேறின. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன துணியை, நைஜீரியாவின் கலபாரி மக்கள் தங்கள் குடும்பச் சடங்குகளில் இடம்பெறும் உயர்ந்த துணியாகப் போற்றினார்கள். நம்மிடமிருந்து சதுரங்கம் போய், அதன் கட்டத்தின் பெயர் நம் லுங்கிக்கே திரும்பி வந்திருக்கிறது.

தடுத்தல் என்ற பொருளில் 'செக் டேம்' தடுப்பணை ஆயிற்று. சோதித்தல் என்ற பொருளில் சோதனைச் சாவடி 'செக்போஸ்ட்' ஆயிற்று. வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் வரிசையாக நின்ற காலம், 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பின் முடிவுக்கு வந்தது. போலீஸ், போக்குவரத்து போன்ற துறைகளின் சாவடிகள் தொடர்கின்றன. அமெரிக்க ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுச் 'செக்' கேட்டால் பில் வரும். வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

நம் கல்லாவுக்கு வருவோம்

இன்று செல்போனிலேயே பணம் மாறுகிறது. ஆனாலும் கடன் வியாபாரத்தில் செக்கின் இடம் போகவில்லை. குறிப்பாக மொத்த வியாபாரத்தில் தேதி போட்ட செக்கை நம்பித்தான் சரக்கு வண்டி ஏறுகிறது. ஆகவே 'செக்' என்ற சொல்லுக்குச் சரிபார்ப்பு என்ற பொருளும் உண்டு என்பதை மறந்தால் நட்டம் நமக்கே. சில முக்கியமான செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. அடிக்கட்டையை நிரப்பாமல் செக்கைக் கிழிக்காதீர்கள். தேதி, பெயர், தொகை, எந்த பில்லுக்கு என்ற நான்கும் இருக்க வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் நம் கணக்கைத் தாங்கி நிற்பது இந்தச் சிறிய துண்டும் பேரேடும்தான்.

2. செக்கின் ஆயுள் மூன்று மாதம். 2012 ஏப்ரல் 1-க்கு முன் ஆறு மாதமாக இருந்தது. பழைய நினைவில் பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

3. தொகை எண்ணிலும் எழுத்திலும் வேறுபட்டால், சட்டப்படி எழுத்தில் உள்ளதே செல்லும். ஆனால் நடைமுறையில் வங்கி செக்கைத் திருப்பிவிடும். அடித்தல் திருத்தல் உள்ள செக்கை வாங்காதீர்கள். புதிய செக் கேட்டு வாங்குங்கள்.

4. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் நாள் முழுவதும் தொடர்ச்சியாகத் தீர்வுக்குச் செல்கின்றன. காலையில் போட்ட செக் மாலைக்குள் நம் கணக்கைத் தொட்டுவிடலாம். "போட்டாலும் இரண்டு நாளாகும், அதற்குள் பணம் கட்டிவிடலாம்" என்ற பழைய கணக்கு இனி உதவாது.

5. 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் செக் கொடுப்பவர்கள், அதன் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் 'பாசிடிவ் பே' வசதி 2021 ஜனவரி 1 முதல் உள்ளது. தொகையைத் திருத்தும் மோசடிக்கு இது நல்ல தடுப்பு. யோசித்துப் பார்த்தால், அடிக்கட்டையை வங்கியிடமே கொடுத்து வைப்பது போன்ற ஏற்பாடுதான் இது.

செக் திரும்பினால்

பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கிய 138-ஆம் பிரிவு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு, நாளைத் தவற விடாதவருக்கே கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பருப்பு மொத்த வியாபாரி ஒருவருக்குச் சில்லறைக் கடைக்காரர் 1,80,000 ரூபாய்க்குச் செக் கொடுக்கிறார். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து ஜனவரி 12 அன்று கிடைக்கிறது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது பிப்ரவரி 11-க்குள், தொகையைக் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பு ஜனவரி 25 அன்று கடைக்காரருக்குக் கிடைத்தால், பணம் கட்ட அவருக்குப் பிப்ரவரி 9 வரை 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். தெரிந்தவர்தானே, அடுத்த வாரம் தருகிறேன் என்கிறாரே என்று முகதாட்சண்யத்தில் நாளை ஓட்டிவிட்டு, பிறகு சட்டத்தைத் தேடுவோர்தாம் அதிகம். அறிவிப்பு அனுப்புவது பகை அல்ல. அனுப்பிவிட்டும் அன்போடு பேசலாம்.

கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சரக்குக் கடனுக்கு ஜாமீனாகத் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுச் செக் கொடுக்கும் பழக்கம் சிறு கடைக்காரர்களிடம் பரவலாக உள்ளது. "நான் நிரப்பவில்லையே, எனக்கென்ன?" என்று எண்ண வேண்டாம். மனமொப்பிக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும், அது கடனுக்காகவே தரப்பட்டது என்று சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், செக் எண்ணைக் குறிப்பிட்டு, எதற்காகத் தரப்பட்டது என்று எழுதி வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். கடன் தீர்ந்த அன்றே செக்கைத் திரும்பப் பெறுங்கள்.

பிளந்த குச்சியில் ஒரு பாதி கொடுத்தவரிடமும் மறுபாதி பெற்றவரிடமும் இருந்ததால், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுத்தறியாதவரும் ஏமாறாமல் கணக்கு முடித்தார்கள். நம் கையில் உள்ள செக் புத்தகத்திலும் அந்த மறுபாதி இருக்கிறது. அடுத்த செக்கைக் கிழிக்கும் முன் அடிக்கட்டையை எழுதி முடியுங்கள்.